இசைக்கு மயங்கியவர்கள்

பள்ளிப்பட்டுப் பக்கத்துத் திருமண ஊர்வலங்களில் நாம் பலமுறை கண்ட காட்சி ஒன்று உண்டு. முன்னே பேண்டு வாத்தியக்காரர்கள் நடக்க, பின்னே மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வருவார். கிளாரினெட் வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை இழைத்து இழைத்து ஊதும்போது, தெருவின் இருபுறத்து மாடிகளிலிருந்தும் எட்டிப் பார்க்கும் முகங்கள் சிறிது நேரம் மாப்பிள்ளையை மறந்துவிடும். ஊர்வலம் மண்டபத்தை அடைந்ததும் மாப்பிள்ளை முன்வாசல் வழியே உள்ளே போவார். ஊதியவர் வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பின்பக்கத்து நிழலில் போய் உட்காருவார். கடைசிப் பந்தியில் அவருக்குச் சாப்பாடு.

இசைக்கருவி வாசிப்பவர்பால் பிறர் மனம் சாய்கிறதா என்பது இளைஞர்கள் ஆவலோடு கேட்கும் கேள்வி; பெண்ணையும் பிள்ளையையும் பெற்றவர்கள் அச்சத்தோடு கேட்கும் கேள்வியும் அதுவே. சாய்கிறது என்பதற்கு வரலாற்றில் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால், சாய்ந்த மனம் எதுவரை போகலாம் என்பதைக் கருவி முடிவு செய்யவில்லை. குலமும் பொருளும் வீட்டுப் பெரியவர்களுமே முடிவு செய்தார்கள். நாம் ஈண்டு சொல்ல விழைவது அந்த வரலாற்றைத்தான்.

பள்ளிப்பட்டு, 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த எல்லைப் பகுதியைச் சேர்ந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசும் இடம் அது. எல்லைக்கு அப்பால் அதிகத் தொலைவில் இல்லாத கார்வேட்டிநகரத்தில் ஒரு காலத்தில் ஜமீன் செழித்திருந்தது. அங்குள்ள கோயிலின் தெய்வம் வேணுகோபாலன். அதாவது குழல் ஊதும் கண்ணன். அந்தச் சமஸ்தானத்தோடு தொடர்புடைய சாரங்கபாணி என்னும் புலவர், வேணுகோபாலன் மீது தெலுங்கில் காதற்சுவை மிகுந்த பதங்களை இயற்றினார். குழல் ஊதுபவனைக் காதலனாகவும் கேட்பவரைக் காதலியாகவும் வைத்துப் பாடுவது இந்நாட்டில் அவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது. தெய்வத்தின் கையில் இருக்கும்வரை குழலை எந்தத் தந்தையும் ஐயுற்றதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பழந்தமிழகத்தில் இசைவாணருக்குக் கிடைத்த மதிப்பு நம்மை வியப்பில் ஆழ்த்தும். பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படை, யாழின் உறுப்புகளை ஒவ்வொன்றாக வருணித்துவிட்டு, வழிப்பறிக் கள்வரும் அதன் பாலைப்பண்ணைக் கேட்டுப் படைக்கலத்தைக் கைவிட்டு அருள் கொள்வர் என்கிறது. அதே நூலில், பொருநனுக்கு வெண்குதிரைகள் பூட்டிய தேரைத் தந்து வழியனுப்பும் கரிகாற் பெருவளத்தான் ஏழடி அவன் பின்னே நடந்து செல்கிறான். சோழப் பேரரசன் ஒருவன் வறிய கலைஞன் பின்னே ஏழடி நடந்த நாடு இது!

ஆயினும் அகப்பாடல்களில் மருதத்திணைப் பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. பரத்தையர் வீட்டுக்குப் போய்த் திரும்பிய தலைவனுக்காகத் தூது வருபவன் பாணன். தலைவி தன் சினத்தையெல்லாம் அவன் மீது கொட்டுகிறாள். அவனது யாழ் இனிமையானது என்பதை அவள் மறுக்கவில்லை. அந்த இனிமையைக் கொண்டுதான் தன் கணவன் பிற பெண்டிரின் மனத்தைக் கவர்ந்தான் என்பதே அவள் குற்றச்சாட்டு. கருவிக்கு மயக்கும் ஆற்றல் உண்டு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா? மயக்கியவன் பாணன், பயன் பெற்றவன் தலைவன், ஏச்சு வாங்கியவன் மீண்டும் பாணன்.

காப்பியங்களில் யாழே திருமணத்தை முடித்து வைக்கிறது. கொங்குவேளிரின் பெருங்கதையில் உதயணன் தன் யாழால் யானையை அடக்குகிறான். அவனைச் சிறைப்பிடித்த உஞ்சை நகரத்து மன்னன், தன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்பிக்கும்படி அவனையே அமர்த்துகிறான். பாடம் முடிவதற்குள் மாணவியும் ஆசிரியனும் பெண்யானை மீதேறி ஊரைவிட்டே போய்விடுகிறார்கள். வீட்டுக்கு இசையாசிரியரை வரவழைக்கும் தந்தையர்க்கு இக்கதை உள்ளூர ஒரு நடுக்கத்தைத் தந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. சீவக சிந்தாமணியிலோ தந்தையே அறைகூவல் விடுக்கிறான். வித்தியாதர வேந்தன் கலுழவேகன் மகளாகிய காந்தருவதத்தையை யாழ்ப்போட்டியில் வெல்பவனுக்கே மணமுடிப்பது என்று முடிவாகிறது. சீவகன் அவையில் வந்தமர்ந்து, கொடுக்கப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். ஒன்றின் மரம் நீரில் அழுகியது, ஒன்று இடிவிழுந்த மரம், ஒன்று வாள்பட்ட மரம் என்று குற்றம் காண்கிறான். பின்னர் நல்ல யாழ் ஒன்றைத் தேர்ந்து வாசித்து அவளை வெல்கிறான். தோற்ற மன்னர்கள் போருக்கு எழுகின்றனர், அதுவும் இயல்பே.

இவ்விருவரிடமும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். உதயணன் அரசன். சீவகன் வணிகன் வீட்டில் வளர்ந்த அரசகுமாரன். இவர்கள் கையில் யாழ் இருந்தபோது அது கலை. பாணன் கையில் இருந்தபோது அது பிழைப்பு. காப்பியம் பாடிய புலவர்கள் எவரும் ஒரு பாணனுக்கு அரசகுமாரியை மணமுடித்து வைக்கவில்லை.

கருவி சேர்த்து வைக்கும் என்று மட்டும் எண்ணிவிடலாகாது. சிலப்பதிகாரத்தில் அது பிரித்தும் வைக்கிறது. ஐந்தாம் வயது முதல் ஏழாண்டுகள் ஆடலும் பாடலும் பயின்ற மாதவியின் மாலையை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னுக்கு வாங்கி அவளை அடைந்தவன் கோவலன். இந்திர விழா முடிந்தபின் இருவரும் புகார்க் கடற்கரையில் அமர்கின்றனர். கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான். அவன் மனம் வேறொருத்தியிடம் இருக்கிறதோ என்று மாதவி கருதுகிறாள். அவளும் யாழை வாங்கி, தன் மனத்தில் வேறொருவன் இருப்பதுபோல் பாடுகிறாள். கோவலன் எழுந்து போய்விடுகிறான். அதே யாழ், அதே கைகள். பல நாள் அவர்களைப் பிணைத்த இசை ஒரு மாலைப்பொழுதில் அவர்களைப் பிரித்துவிட்டது.

இதற்கு நாம் அறிந்த சிறந்த விளக்கம், இளங்கோவுக்கு நெடுங்காலம் பின்னே வேறொரு நாட்டில் வாழ்ந்த பேரறிஞர் ஒருவரிடமிருந்து கிடைக்கிறது. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் இசை கேட்பது பற்றித் தனி நூற்பகுதியே எழுதியிருக்கிறார்கள். இசை, உள்ளத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஏற்கெனவே இருப்பதைக் கிளறிவிடுகிறது என்பது அன்னாரின் கருத்து. இனிமையாக இருப்பதால் மட்டுமே ஓர் ஒலி விலக்கப்பட்டதாகிவிடாது, அப்படியானால் பறவையின் குரலையும் விலக்க வேண்டியிருக்கும் என்று வாதிட்ட அவர்களே, மதுக்கூட்டங்களின் அடையாளமாகிவிட்ட நரம்புக் கருவிகளையும் ஊதுகருவிகளையும் விலக்கவும் செய்தார்கள். இக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. திருமணத்தில் தஃப் அடிக்க இசைவு உண்டு என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்தே காணப்படுகிறது. நாம் இங்கே தீர்ப்புக் கூற வரவில்லை. மாதவியின் யாழ் கிளறிவிட்டது அவ்விருவர் உள்ளத்திலும் முன்பே கிடந்த ஐயத்தைத்தான் என்பதை விளங்கிக்கொள்ள இமாமவர்களின் சொல் போதுமானதாக இருக்கிறது.

ஒரு கலைஞனிடம் ஒரு நகரமே மயங்கிய கதையும் இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. பக்தாதில் இசை பயின்ற ஸிர்யாப், 822இல் குர்துபாவை அடைந்தார். ஆசிரியரின் பொறாமையே அவரைப் பிறந்த மண்ணிலிருந்து துரத்தியது என்பர். ஊது என்னும் நரம்புக் கருவியில் ஐந்தாவது நரம்பைச் சேர்த்தவர், கழுகின் இறகால் அதை மீட்டியவர் என்று பின்னாளில் மக்கரீ எழுதிய வரலாறு அவரைப் புகழ்கிறது. இசையோடு நிற்கவில்லை குர்துபா மக்கள். அவர் முடி வெட்டிக்கொண்டதுபோல் வெட்டிக்கொண்டார்கள். பருவத்துக்கேற்ப அவர் உடுத்தியதுபோல் உடுத்தினார்கள். அவர் சொன்ன வரிசைப்படி உணவு பரிமாறினார்கள். திரைப்பட நடிகரைப் பார்த்துத் தலைவாரும் நம் காலத்து இளைஞரை யாரும் பெரிதாகக் கடிந்துகொள்ள வேண்டாம்.

பெண்கள் கையில் கருவி இருந்த கதைதான் நம் நாட்டில் மிகவும் சிக்கலானது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்கும்போது, பெரிய வித்துவான்களும் செல்வர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அவர் பிறந்தது தேவதாசி மரபில். அந்தக் காலத்தில் குடும்பப் பெண் ஒருத்தி வீணையைத் தொடுவதே தகாது என்று கருதிய வீடுகள் பல. அந்த நாதத்தில் கவர்ச்சி இருக்கிறது என்பதுதான் காரணம். 1947இல் தேவதாசி முறையைச் சென்னை மாகாணச் சட்டம் தடுத்தது. அதற்குச் சற்று முன்னும் பின்னுமான ஆண்டுகளில் அதே வீணை மேல்வகுப்பு வீடுகளின் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்குப் பாடத் தெரியுமா, வீணை தெரியுமா என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு தலைமுறைக்கு முன் எந்தக் கவர்ச்சிக்கு அஞ்சி விலக்கினார்களோ, அதையே மணப்பெண்ணின் தகுதியாக்கினார்கள். திருமணம் முடிந்த மறுவாரமே அந்த வீணை உறையோடு பரணுக்குப் போன வீடுகளும் நிறைய. கவர்வதற்காகக் கற்ற கலை, கவர்ந்து முடித்ததும் தேவையற்றுப் போயிற்று போலும்!

ஆண்களில் நாகசுரக் கலைஞரின் நிலை வேறு. ஆயிரம் பேரை நள்ளிரவு கடந்தும் தெருவில் நிறுத்தி வைக்கும் வித்துவான், செல்வர் முன்னிலையில் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) இதை மாற்றினார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்தார். நீண்ட கோட்டு அணிந்தார். 1947 ஆகஸ்டு 14 இரவு தில்லியில் சுதந்தரத்தை வரவேற்று ஒலித்தது அவருடைய நாகசுரம். அவருடைய தோற்றத்தைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் கூடியது என்பார்கள் முதியவர்கள். வாசிப்பின் அழகு வாசிப்பவரின் மேனியிலும் படிகிறது என்பதற்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு.

கொத்தமங்கலம் சுப்பு எழுதி, 1968இல் திரைப்படமாக வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ இந்தச் சிக்கலைத்தான் சொல்கிறது. நாகசுரக் கலைஞன் சண்முகசுந்தரத்தின் வாசிப்பில் ஆடற்கலைஞர் மோகனா மனம் பறிகொடுக்கிறாள். அவளுடைய தாயோ மகளுக்குப் பணம் படைத்தவன் ஒருவன் துணையாக வேண்டும் என்கிறாள். திரையில் கேட்ட நாகசுரத்தை வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். தாய்மார்கள் பலர் திரையரங்கில் மோகனாவுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, வீட்டில் அவள் தாயைப் போலவே பேசினார்கள்.

இக்காலத்து ஆராய்ச்சியாளரும் இக்கேள்வியை விட்டு வைக்கவில்லை. இசை, இணையைக் கவர்வதற்காகவே மனித இனத்தில் தோன்றியிருக்கலாம் என்று டார்வின் 1871இல் எழுதினார். 2014இல் பிரான்சிலிருந்து வெளிவந்த ஆய்வொன்று, கிதார்ப் பெட்டியைச் சுமந்து நின்ற இளைஞனுக்கே பெண்கள் அதிகமாகத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள் என்றது. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அதை எழுதியவரின் ஆய்வுகள் பலவற்றின் நம்பகத்தன்மை குறித்துப் பின்னர் பிற அறிஞர்கள் கடும் ஐயம் எழுப்பினார்கள். அச்செய்தி அவ்வளவு பெரிதாக வரவில்லை. சுவீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையரை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவோ, இசைத் திறமை மிக்கவருக்கு இணைகள் அதிகம் என்ற கருத்துக்குப் பெரிய ஆதரவு எதையும் காணவில்லை. பள்ளிப்பட்டு ஊர்வலத்துக் கிளாரினெட்காரரைக் கேட்டிருந்தால் செலவில்லாமல் இதைச் சொல்லியிருப்பார்.

திருவரங்கத்தோடு முடிப்போம். பாண் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், கோயிலை நெருங்க இயலாமல் காவிரிக் கரையில் யாழேந்தி நின்று பாடியவர் என்பது வைணவ மரபு. வழிவிடாமல் தம்மை மறந்து நின்றவர் மீது கல்லெறிந்த அந்தணரே பின்னர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்கிறார்கள். அதே திருவரங்கத்தில், ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில் 1924இல் பிறந்த முஸ்லிம் ஒருவர் 1960களில் வந்து குடியேறினார். அவர் நாகசுர மேதை ஷேக் சின்ன மௌலானா. தலைமுறை தலைமுறையாக நாகசுரம் வாசித்த குடும்பம் அவருடையது. தஞ்சைப் பாணியின் மீது கொண்ட வேட்கையால் நாச்சியார்கோயில் வித்துவான்களிடம் வந்து பயின்றவர். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்கு 1998இல் கிடைத்தது. அடுத்த ஆண்டு மறைந்தார். ஆந்திரத்தவர், முஸ்லிம், ஊதுகருவிக்காரர் என்று மூன்று வேலிகள் இருந்தும், அவர் வாசித்தபோது திருவரங்கத்துக்காரர்கள் அவரைத் தம்மவர் என்றே கொண்டார்கள்.

அவரிடம் பயின்று அவ்வூரிலேயே வாழும் ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் ஆகிய இருவரும் கணவனும் மனைவியும் ஆவர். இரண்டு பேருமே நாகசுரம் வாசிப்பவர்கள். நெஞ்சின் மூச்சையெல்லாம் கேட்கும் அந்தக் கருவியைப் பெண்கள் எடுப்பது அரிது. 2020இல் இருவருக்கும் சேர்த்தே பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஒரே மேடையில் அருகருகே அமர்ந்து, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் ராகத்தை எடுத்துச் செல்லும்போது, புகார்க் கடற்கரையில் யாழைக் கைமாற்றிக்கொண்ட அந்த இருவரும் நம் நினைவுக்கு வருகிறார்கள்.