கம்பி வேலிக் கருவிகள்

கம்பி வேலி போடவும், போட்ட கம்பியைத் தொய்யவிடாமல் இறுக்கி வைக்கவும் பயன்படும் கைக்கருவிகள், பொறிகள் ஆகியவற்றின் தொகுதி. குழி எடுக்கும் கடப்பாரையும் திருகுத் துளைப்பானும், வேலிக்கால் அடித்து இறக்கும் சம்மட்டியும், கம்பிச் சுருளை விரிக்கும் சுழல்தட்டும், வேலிக் கொறடும், பலவகை இறுக்கிகளும், முள்கம்பி முறுக்கும் எந்திரமும், வலை பின்னும் எந்திரமும் இதில் அடங்கும். பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருவானவை.

வேலியின் வரலாற்றைச் சொல்பவர்கள் முள்ளைப் பற்றியே அதிகம் சொல்கிறார்கள். ஆனால் தொய்ந்து தொங்கும் கம்பியில் எத்தனை முள் இருந்தாலும் மாடு தலையை நுழைத்து, கழுத்தால் தூக்கிவிட்டுப் போய்விடும். வேலியை வேலியாக நிறுத்துவது கம்பியின் இழுவிசை. அதை உண்டாக்கவும், உண்டாக்கியதைப் பல ஆண்டுகள் பிடித்து வைக்கவும் நடந்த முயற்சிகளே இந்தக் கருவிகளின் கதை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் சிக்கல் விளங்கும். 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள எஃகுக் கம்பியை 200 மீட்டர் நீளத்துக்குப் பிடித்து, 100 கிலோ எடைக்கு ஈடான விசையால் இழுத்தால் அது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளும். அந்த 20 சென்டிமீட்டரை விட்டுவிட்டால் இறுக்கம் முழுவதும் போய்விடும். இரண்டு முனையும் அசையாமல் கட்டிய கம்பியில் வெப்பநிலை 30 டிகிரி குறைந்தால் இழுவிசை சுமார் 35 கிலோ கூடும். வெயில் ஏறினால் அதே அளவு குறையும். வேலிக்கு ஐந்து கம்பி என்றால் மூலைக்கால் அரை டன் இழுப்பை இரவும் பகலும் தாங்கியாக வேண்டும். இதனால்தான் அனுபவமுள்ள வேலிக்காரர் கம்பியைத் தொடுமுன் மூலைக்காலைப் பார்க்கிறார். மூலைக்கால் ஆழமாக இறங்கியிருக்கிறதா, சாய்வு முட்டு கொடுத்திருக்கிறதா, முட்டின் அடி எதன்மேல் நிற்கிறது என்பதில்தான் வேலியின் ஆயுள் இருக்கிறது.

முதலில் வந்தது முள்ளில்லாத இரும்புக் கம்பி. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரிட்டனின் பண்ணைகளில் அது பரவியது. கடைசிக் காலில் பற்சக்கரமும் அதைத் தடுக்கும் நாக்கும் பொருத்தி, சாவியால் திருகிக் கம்பியைச் சுற்றி இறுக்கினார்கள். அந்தக் காலத்து இரும்பு சீக்கிரம் துருப்பிடித்தது, குளிரில் முறிந்தது, வெயிலில் தொய்ந்தது. 1837இல் பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் துத்தநாகப் பூச்சுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று நாம் ஜி.ஐ. கம்பி என்று வாங்குவதற்கு வேர் அங்கே இருக்கிறது. 1856இல் வெளிவந்த பெஸ்ஸமர் முறை எஃகை மலிவாக்கியது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகே, இழுத்துக் கட்டினால் இழுத்தபடி நிற்கும் கம்பி சாதாரண விவசாயி வாங்கும் விலைக்கு வந்தது.

ஆஸ்திரேலியாவில் வேறொரு காரணம் கம்பியை இழுத்து வந்தது. 1851இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், ஆட்டு மந்தைகளை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சுரங்கத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். மேய்ப்பவர் இல்லாத இடத்தை வேலி நிரப்ப வேண்டியிருந்தது. அங்கே மரக்கால்களில் வரிசையாகத் துளை போட்டு, கம்பியை ஊசியில் நூல் கோப்பதுபோல் கால் காலாகக் கோத்துச் சென்றார்கள். ஆணி அடித்துப் பிடிக்காததால் கம்பி துளைக்குள் தடையின்றி நகரும். ஒரு முனையில் இழுத்தால் நீண்ட வரிசை முழுவதும் ஒரே சீராக இறுகும். கைத்திருகுத் துளைப்பான் அந்நாட்டு வேலிக்காரரின் முக்கியக் கருவியானது இப்படித்தான்.

அமெரிக்காவின் இல்லினாய் புல்வெளியில் மரமும் இல்லை, கல்லும் இல்லை. ஓசேஜ் ஆரஞ்சு என்ற முட்செடியை வரிசையாக நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். கொங்கு நாட்டில் கிளுவை நடும் அதே வழக்கம். செடி வளர்ந்து அடைக்கச் சில ஆண்டுகள் ஆகும். முள்ளைக் கம்பியிலேயே வைக்கும் முயற்சியில், 1868இல் மைக்கேல் கெல்லி முள் பொருத்திய கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். 1873இல் டிகால்ப் ஊர்ச் சந்தையில் ஹென்றி ரோஸ் என்பவர் ஆணிமுனைகள் பதித்த மரச்சட்டம் ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அதைப் பார்த்த மூவர் — ஜோசப் கிளிட்டன், ஐசக் எல்வுட், ஜேக்கப் ஹெய்ஷ் — தனித்தனியே வேலையில் இறங்கினார்கள்.

கிளிட்டன் வீட்டுக் காப்பிக்கொட்டை அரைக்கும் எந்திரத்தை மாற்றியமைத்து, அதன் கைப்பிடியைச் சுற்றி முள்ளை வளைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. ஒரு கம்பியில் முள்ளைச் சுற்றி, இன்னொரு கம்பியை அதனுடன் முறுக்கினால் முள் நகராமல் நிற்கும் என்பதே அவருடைய கண்டுபிடிப்பின் உயிர். 1874 நவம்பர் 24 அன்று 157,124 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அந்த ஆவணத்தில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி உண்டு: வேலிக்காலை ஊடுருவி நிற்கும் ஒரு திருகுசாவி. கம்பிகளின் முனைகள் அதில் மாட்டப்பட்டிருக்கும். முள் தளர்ந்தால் சாவியைத் திருப்பி இரட்டைக் கம்பியை மேலும் முறுக்கலாம். உலகின் மிகப் புகழ்பெற்ற வேலிக் காப்புரிமை, முள்ளோடு சேர்த்து இறுக்கியையும் விவரிக்கிறது. கம்பி ஒருநாள் தளரும் என்பது கிளிட்டனுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது.

அதன்பின் நடந்தது பெருந்தொழில். டிகால்பிலிருந்து கம்பிக்கு ஆர்டர் குவிவதைக் கண்ட மாசசூசெட்ஸ் மாநிலத்து வாஷ்பர்ன் அண்ட் மோயன் நிறுவனம், 1876இல் கிளிட்டனின் பங்கை 60,000 டாலருக்கும், விற்பனையில் ஒரு உரிமைத்தொகைக்குமாக வாங்கியது. கைப்பிடி சுற்றிய இடத்தில் தானியங்கி எந்திரம் வந்தது; கம்பியை ஊட்டுவது, முள்ளைச் சுற்றி வெட்டுவது, இரட்டையாக முறுக்குவது, சுருளாகச் சுற்றுவது எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடந்தன. 1874இல் அமெரிக்காவில் உற்பத்தியான முள்கம்பி சுமார் 10,000 பவுண்டு. 1880இல் அது 8 கோடி பவுண்டைத் தாண்டியது. காப்புரிமை வழக்குகள் நீண்டு, 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிளிட்டனின் உரிமையை உறுதிசெய்தது.

ஆலை கம்பியைச் சுருளாக அனுப்பிவிடும். அதை இழுப்பது பண்ணையாளின் பாடு. தொடக்கத்தில் கையில் இருந்ததைக் கொண்டே இழுத்தார்கள். வண்டிச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, குடத்தில் கம்பியைச் சுற்றி, ஆரக்கால்களைப் பிடித்துத் திருப்பினால் அதுவே ஒரு இழுவைப்பொறி. கப்பி கயிறு கட்டி இழுத்தவர்களும் உண்டு, குதிரையைப் பூட்டி இழுத்தவர்களும் உண்டு. டெக்சாசின் எக்ஸ்.ஐ.டி. பண்ணை 1886 முடிவதற்குள் ஏறக்குறைய 780 மைல் வேலி போட்டிருந்தது. அந்த அளவில் வேலை நடந்தபோது கைவேலைக்குத் தக்க கருவி தேவைப்பட்டது. ஒருபக்கம் சுத்தி, மறுபக்கம் ஆணி பிடுங்கும் கூர்நகம், நடுவில் கம்பி வெட்டும் வாய், பிடித்து முறுக்கும் பள்ளம் என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த வேலிக் கொறடு அந்தக் காலத்தில் உருவாகி, பெரிய மாற்றமில்லாமல் இன்றும் விற்கிறது.

அந்தக் கொறடால் 'ப' வடிவ ஆணி அடிப்பதிலும் ஒரு பாடம் உண்டு. ஆணியின் இரண்டு காலும் மரத்தின் ஒரே நார்வரியில் இறங்கினால் மரம் பிளக்கும். ஆகவே ஆணியைச் சற்றுத் திருப்பி அடிக்க வேண்டும். கம்பியை மரத்தோடு நசுக்கும் அளவுக்கும் அடிக்கக் கூடாது. ஆணிக்கும் கம்பிக்கும் நடுவே சிறிது இடம் விட்டால்தான், முனையில் இழுக்கும்போது கம்பி நகரும். வெயிலிலும் குளிரிலும் நீண்டு சுருங்கவும் முடியும்.

வலை வேலிக்குத் தனி வழி. 1844இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்ல்ஸ் பார்னார்ட், துணி நெய்யும் தறியைப் பார்த்துக் கம்பி வலை பின்னும் எந்திரம் செய்தார். நார்விச் நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். கோழிக்கூண்டில் நாம் காணும் அறுகோண வலைக்கு மூலம் அந்தத் தறிதான். 1880களில் அமெரிக்காவில், மிச்சிகனின் ஏட்ரியன் ஊரில் ஜே. வாலஸ் பேஜ் பண்ணை வேலிக்கான வலையைப் பின்னினார். 1889இல் இல்லினாயில் பீட்டர் சோமர் தன் மகன்களோடு இன்னொரு எந்திரம் அமைத்தார். படுக்கைக் கம்பிகளைச் சுருள்சுருளாக வளைத்துவிடுவது பேஜ் செய்த நல்ல காரியம். அந்த நெளிவு ஸ்பிரிங் வேலையைச் செய்யும். குளிரில் நிமிரும், வெயிலில் மீண்டும் சுருளும். வலையை இழுக்க ஒற்றைக் கொக்கி போதாது. இரண்டு சட்டங்களுக்கு நடுவே வலையின் முழு உயரத்தையும் கவ்வி, மேலும் கீழும் இரண்டு இழுவைகள் வைத்துச் சமமாக இழுக்க வேண்டும். நெளிவு மூன்றில் ஒரு பங்கு நிமிர்ந்ததும் நிறுத்திவிடுவது வழக்கம். முழுதும் நிமிர்த்திவிட்டால் ஸ்பிரிங் செத்துவிடும்.

இறுக்கும் கருவியை முழுமையாக்கிய பெருமை நியூசிலாந்துக்குச் சேரும். ஆடு நிறைந்த, மேடுபள்ளம் மிகுந்த நாடு அது. மாஸ்டர்டன் ஊரின் டொனால்ட் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே கம்பி இறுக்கி செய்து விற்றார்கள். அடுத்து வந்தவர் எர்னஸ்ட் ஹேய்ஸ். 1882இல் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர். மாவு ஆலைத் தொழில் தெரிந்தவர். 1895இல் மத்திய ஒட்டாகோவின் ஓட்டுரெஹுவாவில் சிறு பட்டறை போட்டார். முயல் தொல்லைக்கு விஷ உருண்டை வெட்டும் கருவியில் தொடங்கி, காற்றாலை, கப்பி, கம்பி இறுக்கி என்று போனார். அவர் மனைவி ஹன்னா மிதிவண்டியில் ஏறி, கரடுமுரடான பாதைகளில் பண்ணை பண்ணையாகச் சென்று ஆர்டர் பிடித்து வந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண் தனியே விற்பனைக்குக் கிளம்பியதைச் சொல்லாமல் இந்தக் கருவியின் வரலாற்றைச் சொல்ல முடியாது.

ஹேய்ஸ் பெயரோடு உலகெங்கும் அறியப்படும் செயின் இறுக்கியின் வேலை எளிது. செயினின் ஒரு முனையில் ஒரு கவ்வி, செயின்மேல் நகரும் நெம்புகோலில் மற்றொரு கவ்வி. இரண்டு கவ்வியும் அறுந்த கம்பியின் இரண்டு முனைகளைப் பிடிக்கும். நெம்புகோலை முன்னும் பின்னும் ஆட்டினால் அதன் இரண்டு கொக்கிகள் மாறிமாறிச் செயினில் ஒவ்வொரு கண்ணியாக ஏறும். ஒன்று விடுமுன் மற்றது பிடித்திருக்கும். இழுப்பு கூடக்கூட கவ்வியின் வாயும் இறுகும். கவ்வும் பரப்பு வழுவழுப்பாக இருப்பது முக்கியம். பல் பதிந்து கம்பியில் சிறு வெட்டு விழுந்தாலும், பிற்பாடு அந்த இடத்தில்தான் அது முறியும். ஓட்டுரெஹுவாப் பட்டறை இன்று பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னம். எந்திரங்களும் பட்டைவார்களும் இருந்த இடத்தில் இருக்கின்றன.

மேற்கு ஆஸ்திரேலியாவின் முயல் வேலி இந்தக் கருவிகளுக்கெல்லாம் பெரும் சோதனையாக அமைந்தது. 1901இல் தொடங்கி 1907இல் முடிந்த முதல் வேலி மட்டும் 1,833 கிலோமீட்டர். அடுத்துப் போட்டவற்றையும் சேர்த்து மூன்று வேலிகளும் 3,256 கிலோமீட்டர். கால்கள் 12 அடிக்கு ஒன்று. வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்தார்கள், முயல் தோண்டிக்கொண்டு போகாமலிருக்க. கட்டி முடித்ததோடு விடவில்லை. காவலர்கள் ஒட்டகத்திலும் குதிரையிலும் வேலி ஓரமாகவே போய்வந்து, அறுந்ததைக் கட்டி, தொய்ந்ததை இறுக்கினார்கள். ஆனாலும் வேலை முடியுமுன்பே முயல்கள் அந்தப் பக்கம் சென்றுவிட்டிருந்தன.

முதல் உலகப் போரில் இரவில் கம்பி போட்டவர்களுக்குச் சம்மட்டிச் சத்தமே எமன். அதற்காக நுனியில் திருகுச்சுழல் கொண்ட இரும்புக் கம்பம் வந்தது. அதிலுள்ள வளையத்தில் ஒரு கழியைச் செருகித் திருப்பினால் சத்தமின்றி மண்ணில் இறங்கும்.

பிற்காலத்தில் டிராக்டர் வேலி வேலைக்கு வந்தது. அதன் சுழல்தண்டில் மாட்டிய திருகுத் துளைப்பான், ஆள் கடப்பாரையால் நெடுநேரம் தோண்டும் குழியை நிமிடத்தில் எடுத்தது. சுழலும் தண்டில் துணி சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. குழியே இல்லாமல் எடைக்கல்லை விழவிட்டு மரக்காலை நேரே அடித்து இறக்கும் எந்திரங்கள் பிறகு வந்தன. அப்படி இறக்கிய கால் குழியில் நட்டு மண் தள்ளிய காலைவிட உறுதியாக நிற்கும், சுற்றுமண் கலையாமல் நெருக்கப்படுவதால்.

மின்வேலி வந்தபோது இழுவிசையின் சுமை குறைந்தது. 1930களில் நியூசிலாந்தின் பில் காலகர், தன் காரில் உடம்பைத் தேய்த்துக்கொண்ட ஜோ என்ற குதிரையை விரட்ட மின்சாரத்தைப் பயன்படுத்தினார். அதிலிருந்து ஒரு நிறுவனமே வளர்ந்தது. விலங்கை நிறுத்துவது அதிர்ச்சி என்பதால் கம்பி குறைவாகவும் கால் தூரமாகவும் இருந்தால் போதும். ஆனால் துடிப்பாக மின்சாரம் தரும் கருவி இல்லாமல் நேரே மின்கம்பத்திலிருந்து இணைப்பு கொடுப்பது கொலைக்குச் சமம். தமிழ்நாட்டுக் காட்டோரங்களில் யானைகளும் மனிதர்களும் அப்படி மாண்டிருக்கிறார்கள். 2023இல் மாநில அரசு மின்வேலிகளைப் பதிவு செய்ய வைக்கும் விதிகளைக் கொண்டுவந்தது.

முடிச்சு போடும் வேலையை ஷெஃபீல்டின் ஹியூ பேஸி குறைத்தார். கம்பி வியாபாரியான அவர் 1980களின் பிற்பகுதியில் கிரிப்பிள் என்ற கைக்கடக்கமான இணைப்பியை உருவாக்கினார். உள்ளே ஸ்பிரிங்கால் தள்ளப்படும் கவ்வி கம்பியை ஒரு திசையில் மட்டும் நகரவிடும். எதிர்த்திசையில் இழுத்தால் பிடித்துக்கொள்ளும். கம்பி பிற்பாடு தளர்ந்தால் அதே இடத்திலேயே மறுபடி இழுத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கருங்கல் கிடைக்கும் ஊர்களில் வேலிக்குக் கல்கால்தான் வழக்கம். கல்லில் ஆணி இறங்காது. முள்கம்பியைக் கட்டுக்கம்பியால் கல்லோடு சேர்த்து முறுக்குவார்கள். மூலையில் இன்னொரு கல்லைச் சாய்த்து முட்டுக் கொடுப்பார்கள். சிறு நகரங்களில் டைமண்ட் வலை பின்னும் எந்திரம் வைத்த பட்டறைகள் பெருகிவிட்டன. தட்டையான தகடு ஒன்று சுழன்று கம்பியை நெளிநெளியாக வளைத்துத் தள்ள, வரும் ஒவ்வொரு நெளிவும் முந்தையதில் கோத்துக்கொண்டு வலையாகிறது. வலையை விரிக்குமுன் மேலும் நடுவிலும் கீழுமாக மூன்று கம்பிகளை மூலைக்கு மூலை இழுத்துக் கட்ட வேண்டும். வலை அவற்றில்தான் தொங்குகிறது. கூலி மிச்சம் என்று அந்த மூன்றையும் கையால் இழுத்து முடித்த வேலி, சீக்கிரமே நடுவில் வயிறு தள்ளிவிடும்.