நடப்பவர்களுக்கு எழுதிய பாட்டு

நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைக் 'காந்தியக் கவிஞர்', 'அரசவைக் கவிஞர்' என்று சொல்லிவிட்டால் ஆளை முடிச்சாச்சு. சேலம் - நாமக்கல் வட்டாரத்து இலக்கிய வரலாற்றிலும் இதே கதைதான். புதுக்கவிதை வழி வந்த விமர்சனம் அவரிடம் கவிஞனின் தன்னிலையைத் தேடியது, கிடைக்கவில்லை, ஒதுக்கிவிட்டது. எனக்கென்னவோ, தேடிய இடமே தப்பு என்று படுகிறது.

1888இல் மோகனூரில் போலீஸ்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். முதலில் அவர் ஓவியர். ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டை ஒட்டி வரைந்த படத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர், 1932இல் அதே அரசரின் சிறைக்குப் போனார். இடையில் நாடக மேடைக்குப் பாட்டு எழுதினார். மேடைப் பாட்டு என்பது அடுத்தவர் தொண்டைக்கு அளவெடுத்துத் தைக்கிற வேலை. அங்கே தன்னிலைக்கு என்ன இடம்?

இந்தப் பழக்கம்தான் 1930இல் கைகொடுத்தது என்பேன். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, ஏப்ரல் 13 அன்று சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கிளம்பினார். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். பதினைந்து நாள் நடை. இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் மிரட்டியிருந்தார். அந்த வழிநடைக்கு இராமலிங்கம் பிள்ளை எழுதிய பாட்டைப் புத்தகத்தில் படித்தால் சாதாரணமாத்தான் இருக்கும். பூடகம் கிடையாது, படிம வேலை கிடையாது. ஆனால் அது கண்ணால் படிக்க எழுதியதல்லவே. சித்திரை வெயிலில் நடக்கிறவன் மூச்சு முட்டாமல் பாட வேண்டும். முன்வரிசை விட்டதைப் பின்வரிசை பிடிக்க வேண்டும். கதவைத் திறக்கப் பயப்படுகிறவன் காதிலும் ஒரே கேட்பில் அர்த்தம் விழ வேண்டும். எளிமை அங்கே கவிஞனின் பலவீனமல்ல, காரியத்தின் நிபந்தனை. இதை அளக்க நம் விமர்சனத்திடம் கோல் இல்லை.

'மலைக்கள்ளன்' நாவல் சங்கதி இன்னும் விநோதம். 1949இல் காங்கிரஸ் அரசு அரசவைக் கவிஞராக்கியவரின் கதையை, 1954இல் கோவை பட்சிராஜா ஸ்டுடியோ படமாக்கியது. வசனம் மு. கருணாநிதி, கள்ளன் எம்.ஜி.ஆர். காந்தியவாதி உண்டாக்கிய கள்ளன் திராவிட இயக்கத் தமிழ் பேசினான், சனம் கைதட்டியது. மறுவருஷமே 'ஆசாத்' என்று இந்திக்கும் போய் திலீப்குமார் ஆனான். ரொலாண் பார்த் 'ஆசிரியனின் மரண'த்தை எழுதியது 1967இல். நம்மூர்க் கொட்டகைகளில் அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே டிக்கெட் கொடுத்து அதைக் காட்டியாயிற்று. ஆசிரியரும் உயிரோடுதான் இருந்தார், 1972 வரை.