'எத்தனை மணிக்கு' என்பதிலிருந்து 'எத்தனை நாளாயிற்று' என்பதற்கு: காப்புநகலின் சிறு வரலாறு

மடிக்கணினி களவுபோன பிறகோ வன்தட்டு பழுதான பிறகோதான், மாதக்கணக்கில் காப்புநகல் எடுக்கப்படவே இல்லை என்பது பல ஆய்வாளர்களுக்குத் தெரியவருகிறது. இதற்குக் கவனக்குறைவை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. கணினி எந்நேரமும் இயங்கிக்கொண்டிருக்கும் என்ற பழைய எடுகோளுக்கும் இதில் பங்குண்டு.

1979இல் வெளியான யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கிரான்' என்னும் நிரல் இடம்பெற்றிருந்தது. அது நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அந்த நிமிடத்துக்கென எழுதிவைத்த கட்டளைகளை நிறைவேற்றும். அக்காலக் கணினி பலர் பகிர்ந்துகொண்ட பொறி. இரவு 2 மணி அதற்கு வேலை குறைந்த நேரமே அன்றி அணைந்திருக்கும் நேரம் அன்று. கணினி மேசைக்கும் மடிக்கும் இடம்பெயர்ந்தபோது அந்த எடுகோள் தகர்ந்தது. தவறிய நிமிடத்தைக் கிரான் நினைவில் வைப்பதில்லை.

1990களின் பிற்பகுதியில் கிறிஸ்டியன் ஷ்வார்ஸ் பெர்ல் மொழியில் உருவாக்கி, ஈட்டாய் ட்சூர் சி மொழியில் திருத்தி எழுதிய 'அனாகிரான்' கேள்வியையே மாற்றியது. அது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு பணியும் கடைசியாக நடந்த நாளைக் கோப்பில் குறித்துவைக்கிறது. கணினி விழித்ததும், குறித்த இடைவெளி கடந்துவிட்டதா என்று பார்த்து, கடந்திருந்தால் சில நிமிடங்கள் பொறுத்துப் பணியைத் தொடங்குகிறது. இன்றைய சிஸ்டம்டி நேரங்காட்டிகளில் உள்ள 'பெர்சிஸ்டென்ட்' அமைப்பும் தவறிய பணியை இவ்வாறே மீட்கிறது.

விழித்திருக்கும் நேரம் குறுகியது; அதற்குள் வேலை முடிய வேண்டும். 1996இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மக்கெரஸும் வெளியிட்ட 'ஆர்சிங்க்' இதற்கு வழிசெய்தது. பெறும் கணினி தன்னிடமுள்ள பழைய கோப்பைத் துண்டுகளாக்கி அவற்றின் சரிபார்ப்பெண்களை அனுப்பும். அனுப்பும் கணினி அவற்றோடு பொருந்தாத பகுதிகளை மட்டும் தரும். ட்ரிட்ஜெல் 1999இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் இம்முறை இடம்பெற்றது.

எஞ்சியது, தொடங்குவது யார் என்ற கேள்வி. 2001இல் கிரெய்க் பாரட் வெளியிட்ட 'பேக்கப்பிசி'யில் சேவையகமே அவ்வப்போது விழித்து, பயனர் கணினி வலையில் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும். விடுதியிலும் களப்பணியிலும் இருக்கும் மடிக்கணினியை அவ்வாறு எட்ட இயலாது. அதன் முகவரி மாறும், வழிச்செலுத்தி அதை மறைக்கும். ஆகவே, தான் விழித்ததை அறிந்த கணினியே தொடங்குவது பொருத்தமாயிற்று.

ஆயினும், நகலை எழுதும் உரிமை பெற்ற கணினி அதை அழிக்கவும் கூடும். பணயத் தீநிரல் புகுந்தால் மூலமும் நகலும் ஒருசேரப் போகும். 2015இல் அட்டிக்கிலிருந்து கிளைத்த 'போர்க்' போன்ற கருவிகள், சேர்க்க மட்டும் இசைவளித்து, பழைய நகல் அழியாமல் காக்கும் முறையைத் தந்தன.

தொடங்கும் பொறுப்பு பயனர் கணினிக்கு மாறினாலும், கண்காணிக்கும் பொறுப்பு சேவையகத்தை விட்டு நீங்குவதில்லை. வராத கணினி எந்தப் பிழைச்செய்தியும் அனுப்பாது. அது வந்து எத்தனை நாளாயிற்று என்று மறுமுனையில் எண்ணி, உரியவருக்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு இருந்தால்தான் அந்த மௌனத்துக்குப் பொருள் கிடைக்கும். களத்தில் பதிவான குரலை மறுமுறை பதிவுசெய்ய இயலாத துறைகளில் அந்த எண்ணிக்கையும் ஆய்வுமுறையின் ஒரு பகுதியே.