4294967297: ஃபெர்மா தவறவிட்ட காரணி

2-இன் 32ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் வருவது 4294967297. அடுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும்போது 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக அமைகின்றன. இவ்வரிசை முழுவதுமே அவ்வாறுதான் என்று ஃபெர்மா 1640இல் எழுதினார். 1732இல் ஆய்லர், ஆறாம் எண்ணாகிய 4294967297-ஐ 641 மீதியின்றி வகுப்பதைக் காட்டினார். ஈவு 6700417. எண் பெரியது, கைக்கணக்குக்கு எட்டவில்லை என்று ஃபெர்மாவின் பிழைக்குச் சமாதானம் சொல்லிவிடலாம். அது பொருந்தாது என்பதே என் வாதம்.

அதே 1640இல் அவர் இதைவிட ஏறத்தாழ 32 மடங்கு பெரிய எண்ணை உடைத்திருக்கிறார். 2-இன் 37ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 137438953471 அது. அதன் பகாக் காரணி எதுவும் 74-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 75 பகு எண், 149 வகுக்காது, அடுத்துவரும் 223 வகுக்கிறது.

இதே தர்க்கத்தை நம் எண்ணில் வைத்துப் பார்ப்போம். p என்ற பகா எண் அதை வகுத்தால், p-ஆல் வகுக்கையில் 2-இன் 32ஆம் அடுக்கு −1-ஐ மீதியாகத் தரும். 64ஆம் அடுக்கில்தான் முதன்முறையாக 1 வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி p−1ஐ 64 வகுத்தாக வேண்டும். அந்தத் தேற்றமும் 1640ஆம் ஆண்டினதே. எனவே சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, 641 என்ற வரிசை மட்டுமே. ஐந்தாவது வகுத்தலில் விடை கையில். 3, 5, 17, 257 எனத் தொடங்கிய முதல் வரிசையின் எந்த இரு எண்களுக்கும் பொதுக் காரணி கிடையாது என்பதால் 257-ஐயும் விட்டுவிடலாம், மிஞ்சுவது நான்கு.

641 வகுப்பது தற்செயலும் அன்று. 641 என்பது 5-ஐ 2-இன் 7ஆம் அடுக்கால் பெருக்கி 1-ஐக் கூட்டியது. 5, 2 ஆகியவற்றின் நான்காம் அடுக்குகளின் கூட்டுத்தொகையும் (625 + 16) அதுவே. முதல் வடிவத்தின்படி, 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1. இரண்டாம் வடிவம் 625-இன் இடத்தில் −16-ஐ வைக்க இடம் தருகிறது. 2-இன் 28ஆம் அடுக்கு −16-ஆல் பெருக்கப்பட்டு, 2-இன் 32ஆம் அடுக்குக்கு −1 மீதியாக வந்துவிடுகிறது. நீண்ட வகுத்தலே வேண்டாம்!

கருவிகள் அனைத்தும் ஃபெர்மாவிடம் இருந்தன. 1654இல் பாஸ்கலுக்கு எழுதுகையில் தமக்கு முழு நிறுவல் கிட்டவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் கருத்தை மாற்றவில்லை. வகுத்தலில் ஒரு சறுக்கல் நேர்ந்திருக்கலாம். ஐந்து பகா எண்கள் அடுத்தடுத்து அமைந்த ஒழுங்கு மறுசோதனையைத் தேவையற்றதாக ஆக்கியிருக்கலாம். பின்னதையே நான் வலுவான காரணமாகக் கருதுகிறேன். எண்ணின் பருமன் இதில் எங்கும் குறுக்கிடவில்லை.

வடிவியலிலும் பருமனுக்கு வேலை இல்லை. காஸ், வான்ட்ஸெல் ஆகியோரின் முடிவுகளின்படி, 4294967295 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும். அந்த எண் மேற்கூறிய ஐந்து பகா எண்களின் பெருக்கற்பலன். இரண்டே பக்கங்கள் கூடினால் முடியாது. பகாக் காரணி ஒவ்வொன்றிலிருந்தும் 1-ஐக் கழித்தால் 2-இன் அடுக்கு மட்டுமே எஞ்ச வேண்டும்; 641-இல் அப்படி எஞ்சுவதில்லை. காரணியைக் காட்டிக்கொடுத்த அதே 5 உடன் நிற்கிறது.