தொட்டாச்சிணுங்கியும் ஜகதீஷ் சந்திர போஸும்

ஜொகூரில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் லயத்து ஓரத்திலும் செம்பனை நிரைகளிலும் தொட்டாச்சிணுங்கியைக் காணலாம். மலாய்க்காரர்கள் செமாலு என்பார்கள். மாலு என்றால் வெட்கம். காலில் முள் கீறினால் நாம் அதை வைகிறோம். பிள்ளைகளோ தொட்டுத் தொட்டு விளையாடுகிறார்கள். இந்தச் செடியை வைத்துக்கொண்டு ஓர் இந்திய அறிஞர் பெரிய சபையோடு வாதாடினார்.

அவர் ஜகதீஷ் சந்திர போஸ். 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த சம்பளமே தந்தார்கள். மூன்றாண்டுகள் அந்தப் பணத்தைத் தொடாமலே பாடம் நடத்தினார். கடைசியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு வந்தது. சம்பளப் பேச்சு நமக்குப் புதிதா என்ன!

1901இல் லண்டனில், செடியைத் தூண்டினாலும் மின்சார மாறுதல் உண்டாகிறது என்று அவர் கருவி வைத்துக் காட்டினார். உடலியல் அறிஞர் பர்டன் சாண்டர்சன் ஏற்கவில்லை. ராயல் சொசைட்டி கட்டுரையை அச்சிடவில்லை. போஸ் சோர்ந்துவிடாமல், இலையின் அசைவைத் தானே வரைந்து காட்டும் கருவிகளைச் செய்தார். 1920இல் அதே சபை அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. ஆனால் செடிக்கு நரம்பு உண்டு என்றே அவர் எழுதியது மிகைதான். மின்சாரம் உண்டு, நரம்பு இல்லை.

சரி, அந்த மின்சாரம் எப்படிப் பிறக்கிறது? விடை கடலிலிருந்து வந்தது. கணவாயின் தடித்த நரம்பை ஆராய்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும், மின்னேற்றம் பெற்ற சோடியம் உள்ளே பாய்வதையும் பொட்டாசியம் வெளியேறுவதையும் 1952இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். உயிரணுவின் சவ்வில் பொட்டாசியத்துக்கென்றே புரதத்தாலான வாசல்கள் இருக்கின்றன. பல வாசல்கள் மின்னழுத்தம் மாறும்போது திறக்கும், பிறகு மூடும். 1998இல் மெக்கின்னன் என்ற அமெரிக்கர், பாக்டீரியாவில் உள்ள அத்தகைய வாசல் ஒன்றின் வடிவத்தையே கண்டறிந்தார். 2003இல் நோபல் பரிசு பெற்றார். வேடிக்கை என்னவென்றால், சோடியம் பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆனாலும் அதற்கு அங்கே இடமில்லை. உள்ளே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தின் அளவுக்கே பொருந்துகின்றன.

இனி நம் செடிக்கு வருவோம். இலைக்காம்பின் அடியில் சிறு புடைப்பு இருக்கிறது. தொட்டதும் மின்சாரச் செய்தி அங்கே போகிறது, வாசல்கள் திறக்கின்றன, பொட்டாசியம் வெளியேற, தண்ணீரும் பின்னாலேயே போகிறது. காற்றிறங்கிய பந்துபோல உயிரணுக்கள் துவள, இலை தொங்குகிறது. பொட்டாசியம் திரும்பி உள்ளே சேர்ந்து இலை நிமிர ஏறக்குறைய கால்மணி நேரமாகும்.

செம்பனை ஓலையிலுள்ள நுண்துளைகள் திறந்து மூடுவதும் இப்படித்தான். உரம் போடும் நாளில் நாம் அள்ளி வீசும் பொட்டாஷில் இருப்பதும் அதே பொட்டாசியம்.