கைகளை வழியனுப்பியவர்கள்

சட்டையில்லாத ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முகமூடி அணிந்த ஒருவர் அவர்கள் முகத்தில் டி.டி.டி. மருந்தைத் தூவுகிறார். லியோனார்ட் நாடெல் 1956இல் எடுத்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பிராசெரோக்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, படத்தில் இல்லாத ஒருத்தியே என் மனதில் நின்றாள். அந்த ஆணின் மனைவி.

இரண்டாம் உலகப் போரின்போது வயல் வேலைக்கு ஆள் இல்லை என்றது அமெரிக்கா. 1942 ஆகஸ்டில் மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டது. 1964 வரை நீடித்த அந்தத் திட்டத்தில் சுமார் 46 லட்சம் வேலை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஒரே ஆள் பலமுறை போய்வந்ததும் இதில் அடக்கம். சேர்க்கப்பட்டவர்கள் ஆண்கள் மட்டுமே. ஸ்பானிய மொழியில் ‘பிராசோ’ என்றால் கை. ஆளெடுக்கும் இடத்தில் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்கள். காய்ப்பு இருந்தால்தான் உழவன் என்று நம்பினார்கள். பண்ணைக்காரருக்கு வேண்டியது கை. அந்தக் கைக்கு உரியவனின் பிள்ளைகளும் வயதான தாயும் எல்லைக்கு அந்தப் பக்கமே இருக்கட்டும் என்பதுதான் ஏற்பாடு.

மிச்சோகானிலும் ஹலிஸ்கோவிலும் இருந்த மனைவியிடம் முதலில் வந்து சேர்ந்தது கடன்தான். பட்டியலில் பெயர் ஏற லஞ்சம், ஆளெடுக்கும் நகரத்துக்குப் பயணம், அங்கே காத்துக் கிடக்கும் நாட்களின் செலவு. ஆடுமாட்டை விற்றோ வட்டிக்கு வாங்கியோ கணவன் கிளம்பினான். கடன்காரருக்குப் பதில் சொன்னவள் அவள். மக்காச்சோளக் கொல்லையின் களையெடுப்பும் அறுவடையும் அவள் தலையில் விழுந்தன. அரவை இயந்திரம் வராத ஊர்களில், விடியுமுன் எழுந்து, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தைக் கல்லில் அரைத்து ரொட்டி தட்டினாள்.

மணமான பெண் புகுந்த வீட்டில் வாழ்வது அங்கும் வழக்கம். அதனால் பல வீடுகளில் அவன் அனுப்பிய பணம் மாமனார், மாமியார் கைக்குப் போனது. மருமகளைக் காவல் காப்பதும் அவர்கள் பொறுப்பானது. எழுத்தறியாதவள் கணவனின் கடிதத்தை இன்னொருவர் வாயால் கேட்டாள். அவளுக்கென்று அவன் எழுதிய ஒரு வரிகூட அவளுக்கு மட்டுமானதாக இல்லை. சிலருக்குக் கடிதங்களே நின்றுபோயின. அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட ஆண்களும் உண்டு.

ஆனாலும் இவர்களைக் காத்திருந்தவர்கள் என்று மட்டும் எழுத எனக்கு மனமில்லை. எதை விதைப்பது, எந்தக் கடனை முதலில் அடைப்பது, எந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்ற கேள்விகள் அன்றாடம் இவர்கள் முன்னால்தான் வந்து நின்றன. மெக்சிகோவில் பெண்களுக்குத் தேசியத் தேர்தல்களில் வாக்குரிமை கிடைத்தது 1953இல்தான்.

குட்டைப் பிடி களைக்கொத்தோடு நாளெல்லாம் குனிந்து உழைத்தவன் முதுகுவலியோடு ஊர் திரும்பினான். கலிஃபோர்னியா அந்தக் கருவியைத் தடை செய்ய 1975 ஆயிற்று. வலித்த முதுகைப் பார்த்துக்கொண்டது மனைவி. பிள்ளை வளர்ப்பு, நோய், முதுமை எல்லாவற்றையும் மெக்சிகோ கிராமத்துப் பெண் சுமந்ததால்தான் அமெரிக்கப் பண்ணையால் கூலியைக் குறைத்து வைக்க முடிந்தது என்றே நான் இந்த வரலாற்றை வாசிக்கிறேன்.

1940களில் பிராசெரோக்களின் கூலியில் பத்து சதவீதம் சேமிப்பென்று பிடிக்கப்பட்டது. பலருக்கு அது வந்து சேரவே இல்லை. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு, 2000களில், மெக்சிகோ அரசு ஆளுக்கு 38,000 பெசோ தர முன்வந்தது, ஆதாரம் கேட்டது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். பழைய ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு விதவைகள் வந்தார்கள். அங்கே மனைவியின் பெயருக்கு இடம் கிடைத்தது கணவனின் வாரிசாகத்தான். அவளுடைய சொந்த உழைப்புக்கான கூலியைக் கேட்க எந்த விண்ணப்பப் படிவமும் இருக்கவில்லை.