தறிக்குழியும் கத்திரி வெயிலும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கி மேற்கே செல்லும் சாலையில் படப்பையைத் தாண்டினால் சேரப்பணஞ்சேரி. அதையும் தாண்டினால் ஒரகடம். சாலையின் இருபுறமும் இன்று தொழிற்சாலைகள். இதே சாலை வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்தை அடைகிறது. அங்கே இயந்திரங்களுக்கு முந்திய இன்னொரு தொழில் நகரம் இருக்கிறது. அங்கு வீடுதான் தொழிற்சாலை. கூடத்தில் தறி, அடுத்த அறையில் அடுப்பு.

மே மாதம் 4ஆம் தேதி வாக்கில் கத்திரி தொடங்கி மாதக் கடைசி வரை நீடிக்கும். இந்தச் சமயத்தில் மேற்குக் காற்று வலுவாக வீசினால், மதியம் வரவேண்டிய கடற்காற்று தாமதமாகிவிடும். கடற்கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். 2003 மே மாத இறுதியில் சென்னையிலேயே வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில், குளிர்சாதனம் இல்லாத வீட்டில், பட்டு இழைகளுக்கு நடுவே ஒருவர் எப்படி எட்டு மணி நேரம் உட்கார முடியும்? இந்தக் கேள்விக்கு நெசவாளர்கள் பல தலைமுறைகளாக ஒரு பதில் வைத்திருந்தார்கள். அந்தப் பதில் தரைக்குள் இருந்தது!

குழிக்குள் ஒரு தொழில்நுட்பம்

கைத்தறியில் பழமையான வகை குழித்தறி. தரையில் ஏறக்குறைய இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டுக்கொள்வார். மிதிபலகைகள் குழிக்குள் இருக்கும். பாவு தரையை ஒட்டி நீண்டிருக்கும்.

இந்த அமைப்புக்கு இரண்டு பயன்கள். முதலாவது நூலுக்கு. வெளிக்காற்று காய்ந்து கிடக்கும் நாளிலும் மண்ணில் ஈரம் இருக்கும். குழியிலிருந்து எழும் அந்த ஈரம் பாவு இழைகளைப் பதமாக வைத்திருக்கும். பருத்தியோ பட்டோ, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இழைகள்தாம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதமும், பட்டு சுமார் 11 சதவீதமும் ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். காற்று வறண்டால் அந்த ஈரம் போய்விடும். இழை விறைத்து, உராய்ந்து, அறுந்துவிடும். பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உண்டு. ஒன்று அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டாக வேண்டும்.

இரண்டாவது பயன் மனிதருக்கு. மேல்தரை சூடாவது போல் அடிமண் சீக்கிரம் சூடாவதில்லை. வெயில் எட்டாத மண்ணுக்குள் கால்கள் இருக்கின்றன. மேலே நாட்டு ஓடு, தடித்த மண்சுவர், சின்னச் சன்னல், நடுவே முற்றம். வெப்பம் உள்ளே வரவே நேரமாகும், வந்ததும் முற்றத்தின் வழியே மேலே போய்விடும். கூடம் இருட்டாக இருப்பது வறுமையால் மட்டும் அல்ல என்பது இப்போது புரிகிறது அல்லவா?

வேலை நேரமும் வெயிலை அனுசரித்தே அமைந்தது. பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கும் வேலை வீட்டுக்குள் அடங்காது. அதற்கு நீண்ட தெரு வேண்டும், அல்லது திறந்த வெளி வேண்டும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ‘பாவடி’ என்ற பெயரில் தெருக்களும் மைதானங்களும் இருப்பது இதனால்தான். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். உச்சி வெயிலில் செய்தால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை முறுகிவிடும், ஆட்களும் வாடிவிடுவார்கள். நூலுக்கு நல்ல நேரமே மனிதருக்கும் நல்ல நேரமாக இருந்தது.

டாக்காவும் ஆப்பென்செல்லும்

இந்த அறிவு காஞ்சிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. 19ஆம் நூற்றாண்டில் டாக்காவில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் டெய்லர், மஸ்லின் துணி நெய்யப்பட்ட முறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மிக மெல்லிய நூலைக் காற்றில் ஈரம் இருக்கும் காலை வேளையில்தான் நூற்றார்கள். வறண்ட காலத்தில் நெய்யும்போது பாவுக்கு அடியில் அகலமான தண்ணீர்ப் பாத்திரங்களை வைத்தார்கள்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். சுவிட்சர்லாந்தின் ஆப்பென்செல் பகுதியில் நெசவாளர்கள் தங்கள் வீட்டின் நிலவறையில் தறி போட்டார்கள். லங்காஷயரிலும் கைத்தறிக்காரர்கள் பலர் நிலவறைகளில் நெய்தார்கள். அங்கே கொளுத்தும் வெயில் இல்லை. ஆனால் நூலுக்கு ஈரம் வேண்டியிருந்தது. மூன்று நாடுகளில், ஒருவரை ஒருவர் பார்த்தறியாத நெசவாளர்கள் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: மண்ணுக்கு அருகில் போ!

நீராவி புகுந்தது

நெசவு வீட்டை விட்டு ஆலைக்குப் போனபோது மண்ணின் ஈரம் கூடவே போகவில்லை. லங்காஷயர் முதலாளிகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தறிக்கூடத்துக்குள் நீராவியைச் செலுத்தினார்கள். நூல் அறுவது குறைந்தது. ஆனால் உள்ளே வேலை செய்தவர்கள் புழுக்கத்தில் தவித்தார்கள். வியர்வை காய்ந்தால்தானே உடல் குளிரும்? காற்று முழுவதும் ஈரமாக இருந்தால் வியர்வை எப்படிக் காயும்?

தொழிலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1889இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் பருத்தித் துணி ஆலைகளுக்கான தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு ஈரம் வரை இருக்கலாம் என்று ஓர் அட்டவணையே அதில் இருந்தது. நூலுக்கும் மனிதருக்கும் இடையே சட்டம் ஒரு கோடு போட முயன்ற ஆரம்ப முயற்சிகளில் இது ஒன்று.

1905இல் ஜே. எஸ். ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் இதை இன்னும் துல்லியமாக்கினார். சாதாரண வெப்பமானி மட்டும் போதாது, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். காற்று அசையாத இடத்தில் அந்த ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா உட்கார்ந்திருப்பவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்குகிறது என்று கண்டார். உழைப்பவருக்கு அந்த எல்லை இன்னும் கீழே. கடலோரத் தமிழ்நாட்டில் வெப்பமானி 38 என்று காட்டும்போதே உடம்பு 42 போலத் தவிப்பது ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

குளிர்ச்சி யாருக்காகப் பிறந்தது?

குளிர்சாதனம் மனிதருடைய சுகத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது உண்மை அல்ல. 1902இல் வில்லிஸ் கேரியர் தன் முதல் கருவியை வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தில் காகிதம் சுருங்கி விரிந்து வண்ணங்கள் விலகின. அதைச் சரிசெய்யவே அந்த ஏற்பாடு. 1906இல் ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொல்லையே உருவாக்கியவர் ஸ்டூவர்ட் கிரேமர். அவர் ஒரு நெசவாலைப் பொறியாளர். அவருடைய கவலை நூலைப் பற்றியது. காகிதமும் நூலும் குளிர்ந்த பிறகுதான் மனிதரின் முறை வந்தது.

அதற்கு முன்பு சென்னையில் குளிர்ச்சி என்பது இறக்குமதிச் சரக்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரடெரிக் டியூடரின் நிறுவனம் கப்பலில் கொண்டுவந்தது. அதைச் சேமிக்க 1842இல் கடற்கரையில் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897இல் சுவாமி விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். துரைமார் வீட்டில் பனிக்கட்டி, பங்கா, தண்ணீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி. நெசவாளர் வீட்டில் குழி. இரண்டில் பின்னது செலவே இல்லாதது. பங்கா இழுக்க ஆள் வேண்டாம், பனிக்கட்டிக்குக் கப்பல் வேண்டாம்.

குழி மூடப்பட்டபோது

இவ்வளவு சொன்னதால் குழித்தறியைச் சொர்க்கம் என்று எண்ணிவிடக் கூடாது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறும். அப்போது தறி நிற்கும், கூலியும் நிற்கும். ஈரத்தில் கால் மூட்டுகள் வலிக்கும். இருட்டுக் கூடத்தில் மெல்லிய இழைகளைப் பார்த்துப் பார்த்துக் கண் கெடும். ஆகவே சிமெண்டுத் தரையும் கான்கிரீட் வீடும் வந்தபோது நெசவாளர்கள் அவற்றை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பமானது. கான்கிரீட் தளம் பகல் முழுவதும் வெயிலைக் குடித்து இரவு முழுவதும் வீட்டுக்குள் கக்குகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையோ காலை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்குகிறது. முற்றம் மறைந்தது, திண்ணை சுருங்கியது. குழி இல்லாமல் தரைக்கு மேலே சட்டமிட்ட தறிக்கு மண்ணின் ஈரம் கிடைப்பதில்லை. மின்விசிறி உடம்புக்கு இதம்தான், ஆனால் அது வறண்ட காற்றையே சுழற்றினால் நூல் இன்னும் காயும். நூலுக்கும் மனிதருக்கும் ஒரே குழியில் கிடைத்த சமாதானம் முறிந்துவிட்டது.

ஒரு காஞ்சிப் பட்டுச் சேலை நெய்ய வேலைப்பாட்டைப் பொறுத்துச் சுமார் 10 முதல் 20 நாட்கள் ஆகும். கோர்வை போட இருவர் சேர்ந்து உட்கார வேண்டும். கணவன் நெய்ய மனைவி கோர்வைக்குத் துணை, பெரியவர்கள் தார் சுற்றுவார்கள் என்று குடும்பமே வெக்கையில் இருக்கும். கூலி சேலைக்குத்தான், நாளுக்கு அல்ல. மதியம் மூன்று மணி நேரம் தறி நின்றால் அந்த நஷ்டம் முழுவதும் அந்த வீட்டுக்கே. வெப்பத்துக்கு விடுமுறை கேட்க அங்கே மேலாளர் யாரும் இல்லை.

சட்டம் நின்ற வாசல்

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13ஆவது பிரிவு காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் பற்றிப் பேசியது. சுவரும் கூரையும் வெப்பத்தை முடிந்த அளவு குறைக்கும்படி இருக்க வேண்டும் என்றது. 15ஆவது பிரிவு செயற்கை ஈரப்பதத்துக்கு விதி வகுக்கச் சொன்னது. லங்காஷயர் போராட்டத்தின் எதிரொலி அது. ஆனால் மின்சாரம் பயன்படுத்தினால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் இந்த எண்ணிக்கையை 20, 40 என்று உயர்த்தியிருக்கிறது. இரண்டு பேர் உட்காரும் வீட்டுத்தறி அன்றும் வெளியே, இன்றும் வெளியே.

நல்ல மாற்றங்களும் இல்லாமல் இல்லை. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்ப அலையால் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அந்தப் பாடத்தில் பிறந்ததுதான் 2013இல் அந்த நகரம் உருவாக்கிய வெப்பச் செயல்திட்டம். அங்கே ஏழை வீடுகளின் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப்பூச்சு அடிக்கப்பட்டது. நம் ஊரில் மாடியில் சுண்ணாம்பு அடித்த வழக்கமும் இதே தத்துவம்தான். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் சொன்னது. இறந்தவருக்கு நிவாரணம் உண்டு. நின்றுபோன தறிக்கு?

இந்தக் கேள்வி சின்னதல்ல. வெப்பத்தால் 2030இல் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வீணாகும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் மதிப்பிட்டது. இந்தியாவுக்கு அது 5.8 சதவீதம் என்றது.

மீண்டும் அதே சாலையில்

காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்போது தறியில் உட்காருவதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் கம்பெனிப் பேருந்தில் போகிறார்கள். மாதச் சம்பளம் முக்கியக் காரணம். அங்குள்ள மின்னணு ஆலைகளில் கூடம் ஜில்லென்று இருக்கும். அந்தக் குளிர்ச்சியும் முதலில் மனிதருக்காக வந்தது அல்ல. மின்னணுப் பாகங்கள் சூட்டிலும் நிலைமின்னிலும் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக வெப்பமும் ஈரமும் அங்கே அளந்து வைக்கப்படுகின்றன. புரூக்ளின் காகிதத்துக்குக் கிடைத்தது, லங்காஷயர் நூலுக்குக் கிடைத்தது, இன்று செல்போன் பாகத்துக்குக் கிடைக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு அது உபரி.

குழித்தறியின் பெருமை இதில்தான் இருக்கிறது. பொருளைக் காப்பாற்ற மனிதரை வேகவைக்காத பட்டறை அது. பழைய குழிகளைத் திரும்பத் தோண்டச் சொல்வது தீர்வாகாது. ஆனால் நெசவாளருக்கு வீடு கட்டித் தரும்போது கூரையில் வெள்ளைப்பூச்சு, எதிரெதிரே சன்னல், தறிக்கூடத்துக்கு நிழல், குழி வைக்க வசதியான தரை, மழைநீர் புகாத மேட்டு அடித்தளம் இவற்றைச் சேர்த்துக் கட்டலாம். இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. கட்டுவதற்கு முன் தறியில் உட்காருபவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.